கிட்டார் செய்ய துணி கிளிப்!



மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கிளிப் மாட்டுவார்கள் இல்லையா? அந்தக் கிளிப் கிட்டார் செய்யவும் உதவும் என்றால் நம்புவீர்களா?

துணி கிளிப் மட்டுமல்ல. மூங்கில் குச்சி, நூல்கண்டு கட்டை, பழைய சைக்கிள் டியூப்... இவையெல்லாம் கூடத்தான் கிட்டார் பட்டறையில் இருக்கும். 'என்னடா இது, பழைய சாமான் கடையா?' என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

ஆணி இல்லாத பெட்டி!

ஒரு கிட்டாரின் பெட்டிப் பகுதியை உற்றுப் பாருங்கள். எங்கேயாவது ஆணி தெரிகிறதா? தெரியாது. அதன் பலகைகளைச் சேர்த்து நிறுத்துவது பசைதான்.

மேல் பலகையின் கனம் சுமார் 3 மி.மீ.தான். பக்கப் பலகை இன்னும் மெல்லிசு. சுமார் 2 மி.மீ. அதாவது, நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு துளி அதிகம். இந்த மெல்லிய பெட்டியை, ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டே இருப்பது போல!

உள்ளே ஓர் இடத்தில் ஒட்டு விட்டாலும் போச்சு. வாசிக்கும்போது 'கர்ர்ர்...' என்று அதிரும். மோசமாக விட்டால் பலகையே வளைந்து எழும்பிவிடும். பல வாரம் பாடுபட்டுச் செய்த கருவி அவ்வளவுதான்.

'நிறைய பசை தடவினால் போகிறது!' என்கிறீர்களா? அதுதான் இல்லை. அழுத்திப் பிடித்தால்தான் பசை மெல்லிசாகப் பரவி, மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கும். காயும் வரை பலகை அசையவும் கூடாது. அதற்காக அளவுக்கு மீறி அழுத்தினால், பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும்; மென்மையான மரத்தில் பள்ளமும் விழும்.

இப்படி அளவாக அழுத்திப் பிடிக்கும் கருவிக்கு 'கிளாம்ப்' என்று பெயர். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு கிளாம்ப், கதவு, ஜன்னல் செய்யப் பிரமாதமாக உதவும். கிட்டாரோ வளைந்து நெளிந்த கருவி. பல இடங்களில் அந்தக் கிளாம்ப் எட்டாது. அதனால், கிட்டார் செய்பவர்களில் பலர், கிட்டாரைச் செய்வதற்கு முன், அதைப் பிடிக்கும் கருவிகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

வாங்க... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

* கொழுக்கட்டை அச்சு மாதிரி...

முதலில் பக்கப் பலகையை வளைக்க வேண்டும். இதற்கு உலகம் முழுக்க விரும்பப்படும் மரங்களில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். வெளிநாட்டில் இதை 'இந்திய ரோஸ்வுட்' என்பார்கள். பலகையைத் தண்ணீரில் நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து மெல்ல அழுத்துவார்கள். சூட்டில் மரம் இளகி, வளைந்து கொடுக்கும்.

ஆனால், ஆறியதும் கொஞ்சம் பழையபடி நிமிரப் பார்க்கும். அதை விடாமல் பிடிப்பதுதான் அச்சு. பிளைவுட் துண்டுகளை அடுக்கி ஒட்டி, நடுவில் கிட்டார் வடிவத்தில் வெட்டி எடுத்து இதைச் செய்வார்கள். கொழுக்கட்டை அச்சு மாதிரி இதுவும் இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு தடவை செய்துவிட்டால், எத்தனை கிட்டார் செய்தாலும் ஒரே அளவு, ஒரே வளைவு!

* கிளிப்புகளின் ஊர்வலம்

2 மி.மீ. கனமுள்ள விளிம்பின் மேல் ஒரு பலகையை எப்படி ஒட்டுவது? பசைக்கு இடமே போதாதே! அதனால், விளிம்பின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு மரப்பட்டையை ஒட்டுவார்கள். அது வளைய வேண்டும் என்பதற்காக, சீப்புப் பல் போல நெருக்கமாக ரம்பத்தால் கீறியிருப்பார்கள்.

இந்தப் பட்டையைப் பிடிக்கத்தான் மரத் துணி கிளிப்! வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் டஜன் கணக்கில் மாட்டுவார்கள். கிளிப்பின் பிடி போதவில்லையா? அதன் வாய்ப்பக்கம் ரப்பர் பேண்டைச் சுற்றினால் முடிந்தது.

1833-ல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. அவர்களுடைய தொழிற்சாலையிலேயே இந்த வேலைக்குத் துணி கிளிப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

* வில்லாக வளையும் குச்சிகள்

கிட்டாரின் சத்தத்துக்கு மிக முக்கியமானது மேல் பலகை. ஸ்பெயின் நாட்டில் அன்டோனியோ டி டோரஸ் (1817 - 1892) என்ற கைவினைஞர் இருந்தார். அவர் 1862-ல், பக்கமும் முதுகும் காகித அட்டையாலும், மேல் பலகை மட்டும் மரத்தாலும் ஒரு கிட்டார் செய்தார். மேல் பலகை நன்றாக இருந்தால் போதும், கிட்டார் பாடும் என்று காட்டினார். அந்தக் கிட்டார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மேல் பலகையின் அடிப்பக்கத்தில், அது வளையாமல் இருக்கச் சிறு சிறு மரச் சட்டங்களை ஒட்ட வேண்டும். பலகையின் நடுப்பகுதிக்குச் சாதாரண கிளாம்ப் எட்டுமா? எட்டாது. இங்கேதான் மூங்கில் குச்சி வருகிறது.

மேசைக்கு மேலே, நான்கு கால்களில் இன்னொரு தடித்த பலகையைக் கூரை போல நிறுத்துவார்கள். கீழே கிட்டார் பலகை. அதன் மேல் பசை தடவிய சட்டம். சட்டத்துக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியைவிட ஓரிரு செ.மீ. நீளமான குச்சியை எடுத்து, வில் போல வளைத்து நடுவில் செருகுவார்கள். குச்சி நிமிரப் பார்க்கும்... முடியாது. அந்தக் கோபத்தை எல்லாம் சட்டத்தின் மேல் காட்டி, அழுத்திக்கொண்டே இருக்கும். மின்சாரம் வேண்டாம், திருகு வேண்டாம்!

* நூல்கண்டும் டியூபும்

பெட்டியை மூடும்போது விளிம்பு முழுக்கப் பிடிக்க வேண்டும். நூல் தீர்ந்த மரக் கட்டைகள் இரண்டை ஒரு நீண்ட போல்ட்டில் கோத்து, முனையில் நட்டைத் திருகினால், அதுவே ஒரு கிளாம்ப். வயலின் செய்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மரத்தில் தழும்பு விழாமல் இருக்க, கட்டையின் முகத்தில் கார்க் அல்லது தோல் ஒட்டுவார்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுபவர்களும் உண்டு.

ஒத்திகை பார்க்கணும்!

நாடகத்துக்கு மட்டுமா ஒத்திகை? ஒட்டுவதற்கும் உண்டு! பசை தடவிய பிறகு, 'அந்தக் கிளாம்ப் எங்கே? இது சின்னதாக இருக்கே...' என்று தேட நேரம் இருக்காது. மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம், ஓரிரு நிமிடத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். அதனால், பசையே இல்லாமல் முதலில் எல்லாக் கிளாம்பையும் மாட்டிப் பார்ப்பார்கள். இடுக்கு தெரிகிறதா, பலகை நகர்கிறதா என்று கவனிப்பார்கள். எல்லாம் சரி என்றால், கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, அப்புறம்தான் பசை டப்பாவைத் திறப்பார்கள்.

மாட்டி முடித்ததும், ஓரம் நெடுக முத்து முத்தாகப் பசை எட்டிப் பார்த்தால், அழுத்தம் சரி என்று அர்த்தம். ஓர் இடத்தில் முத்து இல்லையா? அங்கே இன்னொரு கிளாம்ப் தேவை!

நீங்களும் செய்து பாருங்கள்!

தேவையானவை: ஐஸ் குச்சி 4, மரவேலைப் பசை, துணி கிளிப் 4, ரப்பர் பேண்ட் 4, பழைய செய்தித்தாள்.

1. ஒவ்வொரு கிளிப்பின் வாய்ப்பக்கமும் ரப்பர் பேண்டை இறுக்கமாகச் சுற்றுங்கள்.

2. பசை இல்லாமல், இரண்டு ஐஸ் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நான்கு கிளிப்பையும் மாட்டி ஒத்திகை பாருங்கள்.

3. கழற்றிவிட்டு, ஒரு குச்சியில் மெல்லிசாகப் பசை தடவி, மற்றதை மேலே வைத்து, கிளிப்புகளை மாட்டுங்கள். பசை முத்து வருகிறதா? ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

4. மற்ற இரண்டு குச்சிகளையும் அதே அளவு பசை தடவி ஒட்டி, கிளிப் மாட்டாமல் செய்தித்தாள் மேல் அப்படியே வைத்துவிடுங்கள்.

மறுநாள் இரண்டு ஜோடிகளையும் கையில் எடுத்து, ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எதில் இடுக்கு தெரிகிறது? நகத்தால் பிரித்துப் பாருங்கள். எது முதலில் பிரிகிறது? பசை ஒன்றுதான், குச்சியும் ஒன்றுதான்; வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், குட்டீஸ்... வேலை முடிந்ததும் பசையைத் துடைத்து, கிளிப்புகளைக் கொடியிலேயே திரும்ப மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், மொட்டை மாடியில் துணி பறக்கும். வீட்டில் உங்கள் மானம் பறக்கும்!