பசியைத் தின்னும் உயரம்

எவரெஸ்ட் ஏறப் போனவர் இளைத்துத் திரும்புவதில் என்ன அதிசயம்? எலும்பை உறைய வைக்கும் குளிர், ஓயாத ஏற்றம், வாய்க்கு ஒவ்வாத டப்பா உணவு. இளைக்காமல் என்ன செய்வார்!

அப்படியானால் இந்த மூன்றையும் நீக்கிவிட்டால் எடை குறையக்கூடாது அல்லவா? 1985இல் அமெரிக்காவின் நேட்டிக் நகரிலுள்ள ராணுவ ஆய்வகம் அதைத்தான் செய்தது. எட்டு இளைஞர்களை ஓர் அறைக்குள் குடிவைத்து, நாற்பது நாளில் காற்றழுத்தத்தை எவரெஸ்ட் உச்சியின் அளவுக்குப் படிப்படியாகக் குறைத்தார்கள். அறையில் குளிர் இல்லை. விரும்பியதை விரும்பிய அளவு சாப்பிடலாம். ஆனாலும் நாளொன்றுக்குச் சுமார் 3,100 கலோரி சாப்பிட்டவர்கள் 1,800க்கு இறங்கிவிட்டார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்த ஆறு பேரும் சராசரியாக ஏழு கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். போனதில் கொழுப்பு குறைவு; தசை முதலானவையே அதிகம்.

இதற்கு முன்பே, 1960-61இல் எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி தலைமையில் போன குழு, 5,800 மீட்டர் உயரத்தில் வெள்ளிக் குடில் என்ற சிறு வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தது. குடிலுக்குள் கதகதப்புக்குக் குறைவில்லை. இருந்தும் வாராவாரம் எடை இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆக, குற்றவாளி காற்றுதான். மலை உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான்; அழுத்தம்தான் குறைகிறது. 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் தணிகிறது. 'போதும்' என்று சொல்லும் லெப்டினைப் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. கூடவே, சும்மா இருக்கும்போதே உடல் எரிக்கும் சக்தியும் கூடுகிறது. முதல் சில நாட்களில் குறையும் எடையில் கணிசமான பங்கு வெறும் தண்ணீர்: சிறுநீராகவும் மூச்சுக்காற்றின் ஈரமாகவும் வெளியேறுவது.

மியூனிக் ஆய்வாளர்கள் பருமனான இருபது ஆண்களை ஜெர்மனியின் சுக்ஸ்பிட்செ மலையில் 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் தங்கவைத்தார்கள். நடையைக் கூட்டவில்லை, உணவுக்குத் தடையும் இல்லை. ஒன்றரைக் கிலோ அளவுக்கு இளைத்தார்கள். 2010இல் இது வெளியானதும் 'மலைக்குப் போனால் தொப்பை போகும்' என்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இருபதே பேர், ஒரே வாரம், ஒப்பிடக் கீழே ஒரு குழுகூட இல்லை. இதை நம்பி லடாக்கின் லே நகருக்கு டிக்கெட் எடுப்பது வீண்செலவு.

லடாக் போகிறவர்களுக்கு வேறு கவலை இருக்கிறது. 3,500 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாது. வெந்த சோறு எதிரே இருந்தாலும் இறங்காது. சூப், கஞ்சி, நூடுல்ஸ் என்று மாவுச்சத்தாக, கொஞ்சம் கொஞ்சமாக, பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அது வெறும் பசியின்மை அல்ல, மலைநோய். அதற்குமேல் ஏறக்கூடாது, தணியாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும்.