சிவப்பு வேறு, சத்து வேறு!
தக்காளியின் வைட்டமின் ‘சி’க்குப் பின்னால் இருக்கும் ஜீன்கள்

ராமாபுரம் (மைசூர்):

காய்கறி வாங்கப் போகும் ராமாபுரத்துத் தமிழ்த் தாய்மார்கள் இரண்டு குவியல்களுக்கு முன்னால் நின்று யோசிப்பது வழக்கம். ஒன்று, கன்னடத்தில் ‘நாட்டி’ எனப்படும் நாட்டுத் தக்காளி. தோல் மெல்லியது, புளிப்பு அதிகம், பையின் அடியில் போட்டால் வீடு வந்து சேர்வதற்குள் நசுங்கிவிடும். மற்றது கெட்டித் தோலும் முட்டை வடிவமும் கொண்ட ஒட்டு ரகம். நம் ஊர்ப்பக்கத்தில் இதற்கே ‘பெங்களூர்த் தக்காளி’ என்று பெயர். ரசத்துக்கு நாட்டி, சட்னிக்கு ஒட்டு ரகம் என்று பிரித்து வாங்குகிறவர்களும் உண்டு. எதை வாங்கினாலும், “நல்ல சிவப்பாகப் பார்த்துப் போடப்பா, அதில்தான் சத்து” என்று சொல்வதில் மட்டும் எல்லோரும் ஒன்று.

இந்த நம்பிக்கை பாதிதான் சரி. தக்காளியைச் சிவக்க வைப்பது லைகோபீன் என்ற நிறமி. அதுவும் உடலுக்கு நல்லதுதான். ஆனால் வைட்டமின் ‘சி’க்கு நிறமே கிடையாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில், 100 கிராம் தக்காளிக் காயில் 31 மில்லிகிராம், பழத்தில் 27 மில்லிகிராம் என்றே கண்டிருக்கிறது. வேறு சில ரகங்களில் பழுக்கப் பழுக்க இச்சத்து ஏறுவதும் உண்டு. ஏறுவதா, இறங்குவதா என்பது ரகத்தைப் பொறுத்தது. அதாவது, அதன் ஜீன்களைப் பொறுத்தது.

ஆட்டுக்கு இல்லாத கவலை

ஆடும் நாயும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் ‘சி’யைத் தாங்களே உடலுக்குள் தயாரித்துக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கான கடைசிக் கட்ட ஜீன் மனிதனின் மூதாதை இனங்களில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. ஆகவே சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்தது.

ஈறில் ரத்தம் கசிவதைத் தடுப்பது மட்டும் இதன் வேலை அல்ல. கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள, அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் ‘சி’யும் இருந்தால் பெரிய உதவி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. மாமிசம் அபூர்வமாகவும் பழம் அதைவிட அபூர்வமாகவும் வாங்கும் குடும்பத்தில், தினமும் அடுப்படிக்கு வருகிற தக்காளியில் எவ்வளவு இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

தொட்டியும் மிதவைப் பந்தும்

தக்காளிச் செடி இச்சத்தைச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்மிர்னாஃபும் அவருடைய குழுவினரும் 1998-ல் இந்த வழியைத் துலக்கிக் காட்டினார்கள். சர்க்கரை படிப்படியாக உருமாறி அஸ்கார்பிக் அமிலமாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு என்சைம், ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு ஜீன். இதில் எந்தப் படி குறுகலோ அதுதான் மொத்த உற்பத்தியைத் தீர்மானிக்கும். அந்தக் குறுகல் படிக்கு ஜி.ஜி.பி. என்று சுருக்கப் பெயர்.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் புரியும். ஜி.ஜி.பி. உள்ளே வரும் குழாய். தொட்டி நிறைந்தால் மிதவைப் பந்து மேலே வந்து குழாயை அடைத்துவிடும் அல்லவா? தக்காளியிலும் அப்படியொரு பந்து இருக்கிறது. ஜி.ஜி.பி. ஜீனுக்கு முன்னால் உள்ள சின்னஞ்சிறு பகுதி அது. வைட்டமின் போதிய அளவு சேர்ந்ததும், ‘இனி வேண்டாம்’ என்று என்சைம் உற்பத்தியை அது குறைத்துவிடுகிறது. நியூசிலாந்து விஞ்ஞானிகள் 2015-ல் இதை விளக்கினார்கள்.

தொட்டியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வேலை செய்து தேய்ந்துபோன வைட்டமினை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்சைம்கள் இருக்கின்றன. தக்காளியின் 12 குரோமோசோம்களில் 9-ஆவதில் உள்ள இத்தகைய ஜீன் ஒன்றுக்கும் பழத்தின் வைட்டமின் அளவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பிரான்ஸில் நடந்த ஆய்வுகள் காட்டின. பழுக்கும்போது எத்திலீன் வாயு சுரந்து, காயின் கெட்டிச் சுவர் இளகுகிறது. இளகிய சுவரின் பொருள்களில் ஒரு பகுதியும் வைட்டமினுக்கு மூலப்பொருளாகலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

கேட்காத கேள்வி

பெரு, ஈக்வடார் நாடுகளில் தானாக வளரும் காட்டுத் தக்காளிகள் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவை. ஆனால் அவற்றில் பல, கடைத் தக்காளியைவிட அதிக வைட்டமின் ‘சி’ கொண்டவை. மனிதன் பழத்தைப் பெரிதாக்கினான், கெட்டியாக்கினான். சத்தை அளந்து பார்த்து யாரும் விதை எடுக்கவில்லை.

கர்நாடகம் இக்கதையில் முக்கியமான இடம். 1973-ல் பெங்களூர் இந்தோ அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் ‘கர்நாடகா’ என்ற பெயரிலேயே ஒட்டுத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘அர்க்கா ரக்ஷக்’, இலைச் சுருட்டு உள்ளிட்ட மூன்று நோய்களைத் தாங்குவது. விளைச்சல், நோய் எதிர்ப்பு, லாரியில் நசுங்காத தோல் ஆகியவைதான் நோக்கம். இதில் குற்றம் காண இடமில்லை. இலைச் சுருட்டு வந்து வயலே போய்விட்டால் வைட்டமின் எங்கே வரும்? கோலார் சந்தையில் ஏற்றிய கூடை பல நூறு மைல் தாண்டிப் போய் இறங்கவேண்டும். இருந்தாலும், பழத்தைத் தின்கிறவனின் தேவை கடைசி வரிசையில்தான் நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாட்டி வாங்குகிறவர்கள் பெருமைப்படவும் அதிக இடமில்லை. 2017-ல் வெளியான புதிய உணவு அட்டவணைப்படி, இரண்டு ரகத்திலும் 100 கிராமுக்கு 25 முதல் 27 மில்லிகிராம் வரைதான். ருசி வேறு விஷயம்.

கூட்டினால் என்ன ஆகிறது?

தக்காளியின் முழு ஜீன் வரைபடம் 2012-ல் வெளிவந்தது. சுமார் 35,000 ஜீன்கள். பல நாடுகள் பங்கிட்டுச் செய்த இந்த வேலையில் 5-ஆவது குரோமோசோம் இந்தியாவின் பொறுப்பில் வந்தது. டெல்லி விஞ்ஞானிகள் அதைச் செய்தார்கள்.

அதே 2012-ல் நியூசிலாந்தில் ஜி.ஜி.பி. ஜீனைக் கூடுதலாக வேலை செய்ய வைத்தபோது, தக்காளியில் வைட்டமின் ‘சி’ மூன்று முதல் ஆறு மடங்கு வரை உயர்ந்தது. கைதட்டும் முன் மீதியையும் கேட்கவேண்டும். சத்து மிக அதிகமான பழங்களில் விதையும், விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பும் குறைந்துபோயின. சீன விஞ்ஞானிகள் 2018-ல் காட்டுத் தக்காளியில் அந்த ‘மிதவைப் பந்தை’யே திருத்திச் சத்தைக் கூட்டினார்கள். பிரான்ஸில் 2021-ல் வெளியான ஆய்வில், பந்து பழுதான செடிகளில் மகரந்தம் கெட்டு, விதை பிடிப்பது பாதிக்கப்பட்டது தெரிந்தது. செடி பந்து வைத்திருந்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது! விதை இல்லாத பழம் சாப்பிடுகிறவருக்கு வசதிதான். ஒவ்வொரு பட்டத்துக்கும் கடையில் விதை வாங்கும் விவசாயிக்கு அது இன்னொரு செலவு. எனவே அளவோடு கூட்டுவது எப்படி என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி.

அதுவரை அடுப்படியில்

இருக்கிற 27 மில்லிகிராமையாவது வீணாக்காமல் இருக்கலாம். வைட்டமின் ‘சி’ தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். செம்புப் பாத்திரத்தில் பட்டால் இன்னும் சீக்கிரம் அழியும். ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் தக்காளி சமைக்காதீர்கள் என்று பாட்டிமார்கள் சொன்னது களிம்புக்குப் பயந்துதான் என்றாலும், பலன் இதற்கும் உண்டு. தக்காளியின் புளிப்பு இச்சத்தை ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் காலையில் வைத்த ரசத்தை இரவு வரை மூன்று தடவை சுடவைத்தால் மிஞ்சுவது வாசனைதான். இங்குள்ளவர்கள் செய்கிற கோசம்பரியில் பச்சையாக நறுக்கிப் போட்டோ, தயிர்ப் பச்சடியாகவோ சோற்றுடன் சேர்த்துக்கொள்வது மேல்.

தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் வெயில் படும் பக்கமாக வைக்கட்டும். வெளிச்சம் பட்ட பழத்தில் இச்சத்து கூடுகிறது. 2023 ஜூலையில் நடந்ததுபோல் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினால் கவலை வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொய்யா தோல் பச்சையாக இருக்கும்போதும் அப்படித்தான்.