டோம்பிவிலி ஸ்டேஷனில் உதித்த எண்!

ரயில் நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டுவார்கள். ஆனால் ரயில் நிலையத்தின் பெயரை எண்களுக்குச் சூட்டியவர் ஒருவர் உண்டு. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர்தான் அவர்.

அந்த நிலையம் வேறு எங்கோ இல்லை. மும்பைத் தமிழர்கள் பலர் நாள்தோறும் ஏறி இறங்கும் டோம்பிவிலிதான். பம்பாயிலிருந்து 30 மைல் தொலைவில், அன்றைய ஜி.ஐ.பி. ரயில்வேயில் 'டெம்லோ' என்ற பெயரில் அது இருந்தது. அங்கேதான் இந்த எண்களைப் பற்றிய யோசனை கப்ரேகருக்கு உதித்தது. 'டெம்லோ எண்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார். அவற்றில் ஒன்று இதோ:

12345678987654321

17 இலக்கங்கள். 123 கோடி முறை கோடி என்றாலும் இன்னும் மிச்சம் இருக்கும்! 'விகடகவி' போல எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே. நடுவில் இருக்கும் 9-ஐ விட்டுவிட்டு, இடப்பக்கத்து 12345678-ஐயும் வலப்பக்கத்து 87654321-ஐயும் கூட்டிப் பாருங்கள். 99999999 வரும். இரு புறமும் கூடினால் நடு இலக்கமே வரிசையாக வரவேண்டும். அதுதான் டெம்லோ எண்ணின் இலக்கணம்.

ஒன்பது ஒன்றுகள்

இந்த எண் எங்கிருந்து வந்தது? 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் வருகிறது. தாளில் போட்டுப் பார்த்தால் ரகசியம் விளங்கிவிடும். ஒன்பது வரிசை ஒன்றுகள், ஒவ்வொரு வரிசையும் ஓர் இடம் தள்ளி நிற்கும். வலக்கோடியில் ஒரே ஒரு 1. அடுத்த பத்தியில் இரண்டு, பிறகு மூன்று. நடுப்பத்தியில் ஒன்பது ஒன்றுகள். அதன்பின் இறங்குமுகம். எந்தப் பத்தியும் 9-ஐத் தாண்டாததால் 'கையில் 1' என்ற பேச்சே இல்லை.

பத்தாவது ஒன்றைச் சேர்த்தால் வந்தது வினை! நடுப்பத்தியில் 10 வந்து 1 கைக்கு மாறுகிறது. பக்கத்திலுள்ள 9-ம் 10 ஆகிறது. விடை 1234567900987654321. இடப்பக்கத்து 8-ஐக் காணோம். நடுவே இரண்டு பூஜ்யங்கள்.

சொந்தச் செலவில் அச்சு

1939-ல் கே.ஆர். குஞ்சிகருடன் சேர்ந்து டெம்லோ எண்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார் கப்ரேகர். பட்ட மேற்படிப்பு அவருக்குக் கிடையாது. 'இதெல்லாம் வெறும் விளையாட்டு' என்று கணித மேதைகள் பலர் ஒதுக்கினர். அவரோ சிறு சிறு புத்தகங்களாகத் தாமே அச்சிட்டு வந்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் 6174-ஐயும் கண்டறிந்தார்.

1975-ல் அமெரிக்காவின் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றுப் 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. எளிமையாகவே வாழ்ந்தும் பென்ஷன் போதாமல், பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் டியூஷன் சொல்லிக்கொடுத்து வந்தார். 1986-ல் காலமானார்.