பழகினால்தான் ஓடுமா புதுக் கார்?

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமா? தங்கவயல் வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடக்கும் வழக்கில் எஞ்சின் சொல்லும் சாட்சி

கோலார் தங்கவயலில் ஒரு வீட்டு வாசலுக்குப் புதுக் கார் வந்துவிட்டால், பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு வழக்கு ஒன்றும் தொடங்கிவிடுகிறது. "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே. வண்டி செட் ஆகணும். அப்புறம் பாரு பிக்-அப்பை" என்பது அப்பாவின் கட்சி. "அதெல்லாம் அம்பாசிடர் காலத்துச் சங்கதிப்பா. இப்ப கம்பெனியிலேயே எல்லாம் பண்ணித்தான் அனுப்புறாங்க" என்பது மகனின் கட்சி.

முன்பெல்லாம் இது வெறும் வாய்ச்சண்டை. ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் நினைத்தாலும் வேகம் போக முடியாது. இப்போது அப்படியில்லை. பெங்களூர்-சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஒசகோட்டையிலிருந்து மாலூர், தங்கவயல் பக்கமாகப் பேத்தமங்கலம் வரை சுமார் 71 கி.மீ., 2024-ஆம் ஆண்டு இறுதியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பெங்களூர் ஷோரூமில் சாவி வாங்கிய காரை, மீட்டரில் இரண்டு இலக்கம்கூட ஏறாத நிலையில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். புது எஞ்சினுக்கு அது நல்லதா, கெட்டதா?

இந்த ஊரில் இது பொழுதுபோக்குக் கேள்வியல்ல. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு தங்கவயலின் பிழைப்பு பெங்களூரை நம்பியிருக்கிறது. விடியற்காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். பெங்களூருக்குப் போக 100, வர 100 என்று வைத்துக்கொண்டால், ஐந்து நடையில் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்துவிடும். அந்த ஐந்து நாளில் எஞ்சின் கெட்டால், அறுபது மாதத் தவணை முழுக்க அது ஆயில் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். புதுக் கார் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் கொஞ்சம் நன்றாக ஓடும் என்பது உண்மை. ஆனால் அதற்காக நாற்பதில் ஊர வேண்டும் என்பது உண்மையல்ல. அப்பாவிடம் பாதி நியாயம், மகனிடம் பாதி நியாயம்.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினின் உயிர் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனில் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய வளையங்கள், அதாவது ரிங்குகள். வெடிக்கும் வாயு கீழே கசியாமலும், கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரியாமலும் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தொழிற்சாலையில் அந்தச் சுவரில் வேண்டுமென்றே நுண்ணிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுகிறார்கள். 'ஹோனிங்' என்று பெயர். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். கீறல்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள் இருக்கும். வண்டி ஓடத் தொடங்கியதும் ரிங்குகள் உரசி அந்த மேடுகளைத் தேய்க்கின்றன; ரிங்கும் தேய்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை இது நடக்கும். மெக்கானிக் 'செட் ஆவது' என்று சொல்வது இதைத்தான்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விசை கொஞ்சம்தான். பெரும்பகுதி அழுத்தம், வெடிக்கும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுவதால் வருகிறது. எஞ்சின் ஓரளவு பாரம் இழுத்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஆயிரம் கிலோமீட்டரும் நாற்பதில் ஊர்ந்தால் அழுத்தம் போதாது. ரிங் சரியாகப் பொருந்தாது. சுவரில் நிற்கும் ஆயில் சூட்டில் கருகி, கோந்து பூசியது போல் கீறல்களை மூடிவிடும். பிறகு தேய்வதற்கு மேடும் இருக்காது, ஆயில் தங்கக் கீறலும் இருக்காது. 'கண்ணாடியாகிவிட்டது' என்பார்கள். அந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும். எஞ்சினை இறக்கி, சிலிண்டரை மறுபடி கீறினால்தான் விமோசனம்.

எடுத்த எடுப்பில் விரட்டினாலும் ஆபத்து. பொருந்தாத இரண்டு உலோகங்கள் வேகமாக உரசினால் அந்த இடத்தில் சூடு ஏறும். சூடு எல்லை மீறினால் மேடுகள் தேய்வதற்குப் பதில் ஒட்டிக் கிழியும். சுவரில் விழும் அந்தக் காயம் ஆறாது. முதல் மணி நேரத்திலேயே முறுக்கி ஓட்டினால்தான் ரிங் நன்றாக உட்காரும் என்று சொல்லும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க உண்டு. பாரம் வேண்டும் என்பதில் அவர்கள் சொல்வது சரி. எஞ்சினை உச்சிக்கு விரட்ட வேண்டும் என்பதில்தான் தவறுகிறார்கள்.

அம்பாசிடர் காலமும் இந்தக் காலமும்

அப்பாக்களின் அச்சம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் உதிரி பாகங்களின் அளவில் துல்லியம் குறைவு. சுவரின் மேடுகள் பெரியவை. அன்றைய ஆயிலும் சுமார்தான். ஆகவே பழக்கும் காலம் நீண்டது. பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டிக்கொண்டு ஓரமாகப் போவார்கள். முதல் சர்வீசில் வடிக்கும் ஆயிலில் இரும்புத் தூள் மினுமினுக்கும். பழைய எஞ்சினை ரீபோர் செய்தாலும் அதே விரதம் மறுபடி தொடங்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. இன்று சுவரைக் கீறியதும், உயர்ந்த மேடுகளை ஆலையிலேயே ஒரு முறை சீவிவிடுகிறார்கள். ஆகவே முன்பு வண்டிக்காரர் சாலையில் செய்த வேலையில் பெரும்பகுதி இயந்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. மகனின் கட்சிக்கு ஆதாரம் இது.

ஆனால் 'கம்பெனியிலேயே பழக்கி அனுப்புகிறார்கள்' என்பது சரியல்ல. ஆலையில் பல எஞ்சின்களை மின்மோட்டாரால் கொஞ்ச நேரம் சுழற்றிப் பார்ப்பார்கள். சிலவற்றை எரிபொருள் ஊற்றியும் ஓட்டிப் பார்ப்பார்கள். குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அது. மீதிப் பழக்கம் வாங்கியவர் கையில் விடப்படுகிறது.

புல்டோசருக்கு நூறு மணி நேரம்

காரை விடப் பெரிய எஞ்சின்களோடு பழகிய ஊர் தங்கவயல். 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் ஆலை இங்கே புல்டோசர்களும் மண் தோண்டும் இயந்திரங்களும் செய்கிறது. அதன் புல்டோசர்கள் ஜப்பானின் கோமட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவில் உருவானவை. கோமட்சு தன் இயந்திரங்களுக்குச் சொல்லும் விதி எளிமையானது: முதல் 100 மணி நேரம் பதமாக ஓட்டு. ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் சூடாகவிடு. அதிக பாரமும் அதிக வேகமும் வேண்டாம். திடீரென்று கிளப்பாதே, திடீரென்று நிறுத்தாதே. வேலையே கொடுக்காதே என்று மட்டும் அது சொல்லவில்லை.

கார் நிறுவனங்களின் கையேடுகளும் ஏறக்குறைய இதையே பேசுகின்றன. முதல் 1,000 கி.மீ. வரை மிக அதிக வேகம் வேண்டாம், திடீர் முடுக்கம் வேண்டாம், சின்ன கியரிலேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் போக வேண்டாம் என்கிறது டொயோட்டா. சுசுகி கார்களுக்கு இந்தக் கணக்கு 960 கி.மீ., அதாவது 600 மைல்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கடைசி விதியைத்தான்: ஒரே வேகம் கூடாது. வேகம் ஏறி இறங்கும்போது பாரமும் ஏறி இறங்குகிறது. பாரம் ஏறும்போது ரிங் சுவரில் அழுந்துகிறது. காலை எடுத்ததும் சுவருக்கு ஆயில் வந்து சூட்டைத் தணிக்கிறது. ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இந்த இரண்டும் சரியாகக் கிடைப்பதில்லை.

எவ்வளவு கூடும்?

பழகிய பின் மைலேஜ் கூடும் என்பதை அரசாங்கங்களே ஒப்புக்கொள்கின்றன. ஐரோப்பாவில் காரின் புகையையும் எரிபொருள் செலவையும் அளக்கும் சோதனைக்கு வரும் வண்டி குறைந்தது 3,000 கி.மீ. ஓடியிருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். புது எஞ்சின் பழகும் வரை முழு மைலேஜ் வராது. அதற்கு 3,000 முதல் 5,000 மைல், அதாவது 5,000 முதல் 8,000 கி.மீ. ஆகலாம் என்று அமெரிக்க அரசு வாங்குவோருக்குச் சொல்கிறது.

ஆனால் ஆகாயக்கோட்டை கட்ட வேண்டாம். நல்ல நவீன எஞ்சினில் இது ஒரு சில சதவீத விவகாரம். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் காரில் 3 சதவீதம் கூடினால், கிடைப்பது அரைக் கிலோமீட்டர்தான். 'ஆயிரத்துக்கு அப்புறம் வண்டி பறக்குது' என்று சொல்பவர் அனுபவிப்பதில் பாதி, அவருடைய கால் அந்தக் கிளட்சுக்குப் பழகியதன் பலன்.

தங்கவயல்காரர்களை ஏமாற்ற இன்னொரு விஷயமும் காத்திருக்கிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு சதவீதம் சக்தி இழக்கும். புதுக் காரை எடுத்துக்கொண்டு சென்னைக் கல்யாணத்துக்குப் போகிறவருக்கு வழியெல்லாம் இறக்கம். போய்ச் சேர்ந்த இடத்தில் அடர்ந்த காற்று. மைலேஜும் கூடும், பிக்-அப்பும் கூடும். 'எஞ்சின் செட் ஆயிடுச்சு' என்று மகிழ்ந்து திரும்புகிறவருக்கு, மேடேறி வரும்போது உண்மை புரியும்.

சரியாக அளக்க வழி உண்டு. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, போய்த் திரும்பியதும் அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட வேண்டும். 500-இல் ஒரு முறை, 3,000-இல் ஒரு முறை, 8,000-இல் ஒரு முறை. ஒரே பாதை, ஒரே டயர் காற்று. போகவும் வரவும் சேர்த்து அளந்தால்தான் மேடும் பள்ளமும் சமமாகும்.

ஆயில் விஷயத்திலும் பழைய பழக்கத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. பல கார்களில் முதல் 1,000 கி.மீ. சர்வீஸ் வெறும் பரிசோதனைதான். ஆயிலை எப்போது மாற்றுவது என்று கையேடு சொல்லும். வாங்கியவர் செய்ய வேண்டியது வேறு: முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒரு முறை ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பது. அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. வேகமாக இறங்கிக்கொண்டே போனால் வாரண்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எஞ்சினைத் தவிரவும் பழக வேண்டியவை உண்டு. புது டயரின் மேல் தொழிற்சாலை அச்சின் வழுக்கல் கொஞ்சம் இருக்கும். புது பிரேக் பேட் டிஸ்கோடு முழுவதும் பொருந்தியிருக்காது. முதல் 300 கி.மீ. வரை அவசரப் பிரேக்குக்கு வேலை வைக்காமல் இடைவெளி விட்டு ஓட்டுவது உயிருக்கே நல்லது. ரிங்கே இல்லாத மின்சாரக் காருக்கும் இந்த விதி பொருந்தும்.

ஆக, புதுக் கார் எடுக்கும் தங்கவயல்காரர் செய்ய வேண்டியது என்ன? டாக்கோமீட்டர் இருந்தால் முள்ளை 3,000 சுற்றுக்குள் பெரும்பாலும் வைத்திருக்கலாம். நான்காவது கியரில் திணறவிடாமல் கீழ் கியருக்கு வரலாம். குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு முதல் வாரமே திருப்பதி மலை ஏறுவதைத் தள்ளிப்போடலாம். முதல் ஐந்து பெங்களூர் நடைக்கு விரைவுச் சாலையை மறந்துவிடலாம்.

பங்காருபேட்டை, மாலூர் வழியாகப் போகும் பழைய சாலை அதற்காகவே காத்திருக்கிறது. ஊருக்கு ஊர் வேகத்தடை, திருப்பத்துக்குத் திருப்பம் மாட்டு வண்டியும் டிராக்டரும், நடுவில் கொஞ்ச தூரம் எழுபது, மறுபடி இருபது. எல்லோரும் சபிக்கும் அந்தச் சாலை, ரிங் அழுந்தவும் ஆறவும் என்ன வேண்டுமோ அதை ஒரு காசு வாங்காமல் செய்து கொடுக்கிறது. ஆறாவது நடையில் விரைவுச் சாலைக்கு ஏறிக்கொள்ளலாம். அப்போது அப்பாவும் பக்கத்துச் சீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்.