கையில் ஒரு விமானம் – 9: பறவை இறங்கும் வயல்

மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் என்றொரு வேடன் வருவான். எந்த வயலில் எந்தப் பறவை இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணி வைப்பான். முந்நூறு வருஷம் கழித்து, அதே ஊர் வரப்பில் ரிமோட்டும் ஃபோம் விமானமுமாக நிற்கிற எனக்கும் அதே வேலைதான். ஏற்றுவதற்கு வானம் எங்கும் கிடக்கிறது. இறக்குவதற்குத்தான் இடம் பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆடி மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாயில் புகுந்து செங்கோட்டை, தென்காசி வழியாகக் கிழக்கே ஓடும் காலம் அது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, 800 கிராம் ஃபோம் நிச்சயம் பறக்கும், நாம் சொல்கிற திசையில் அல்ல. மலையைத் தாண்டி இறங்கும் காற்று அடிவாரத்தில் நேராக வீசுவதும் இல்லை. சிற்றாற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிக்குமே, அதுபோலச் சுருண்டு வரும். என் விமானம் இரண்டு வட்டம் அடித்தது. மூன்றாவதில் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், கார் நெல் நட்டு ஒரு வாரமான வயலுக்கு நடுவே மூக்கைக் குத்தி நின்றது.

வயல்காரர் வந்தார். "தம்பி, ஏரோப்ளேன் எங்க வேணாலும் விழட்டும். நட்ட வயல்ல கால் மட்டும் படக் கூடாது, பாத்துக்கிடுங்க."

"சரி அண்ணாச்சி."

அவரே வரப்போரமாகப் போய்த் தொரட்டியால் இழுத்து எடுத்துத் தந்தார். "மாசி பங்குனிக்கு வாங்க, பிசானம் அறுத்துருவோம். பெறவு நாள் பூராவும் விடுங்க."

அன்றைக்குப் புரிந்தது, பாதுகாப்பான இடம் என்று தனியாக ஒன்று கிடையாது, இடமும் மாதமும் சேர்ந்துதான் பாதுகாப்பு என்று. ஆடியில் வேண்டாத அதே வயல், பங்குனியில் அருமையான ஓடுதளம். அறுத்த தாள் மெத்தை மாதிரி தாங்கும், சுற்றிலும் ஆள் இருக்காது. ஆனால் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அன்றைக்கு விமானம் பெட்டியிலேயே இருக்கட்டும். வைகாசியில் வற்றிய குளத்து நிலமும் நல்ல இடம்தான், கிரிக்கெட் ஆடும் பையன்கள் வருவதற்கு முந்தைய காலை நேரம் வரை. சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் போகிற வண்டியெல்லாம் மேலகரம் சாலையில் வரும். அந்தச் சாலையை நம் விமானம் ஒருநாளும் தாண்டக் கூடாது.

ஏன் இவ்வளவு பயம்? ஒரு கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், ஒரு கிலோ தேங்காய் 45 அடித் தென்னையிலிருந்து தலையில் விழுந்த கணக்கு. தேங்காய்க்கு மூக்கில் சுழலும் புரொப்பெல்லர் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அதே வேகத்தில் ஐந்து நொடி கட்டுப்பாடு போனாலும் 80 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே ஆள், வீடு, சாலை எல்லாம் அதற்கு அப்பால் இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்று தரையிலேயே ஒருமுறை ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அப்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நம் வயல்காட்டில் கண்ணுக்குத் தெரியாத எதிரி பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பி. தூரத்திலிருந்து கம்பி தெரியாது. கம்பத்தைத் தேடி, அடுத்த கம்பம் எங்கே என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே மனசுக்குள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் தொரட்டியோடு போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். விமானம் போனால் போகிறது.

நிற்கிற திசையும் முக்கியம். காலையில் கிழக்கு வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பேன். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கண்ணைக் குத்தும். கரும்பச்சை மலைக்கு முன்னால் வெள்ளை விமானம் பளிச்சென்று தெரியும், சாரல் மேகத்தில் நுழைந்தால் காணாமல் போகும். இறக்கையின் அடியில் சிவப்புப் பட்டை ஒட்டியிருப்பது, அது வருகிறதா போகிறதா என்று தெரிவதற்காக.

சட்டமும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளில் நம் விமானத்துக்கும் இடம் உண்டு: மொத்த எடை 25 கிலோவுக்குள், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண் பார்வை எட்டும் தூரத்துக்குள். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை போகலாம். தென்காசிக் கோயில் கோபுரம் சுமார் 180 அடி, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வண்ணம் மாறக்கூடியது என்பதால் கிளம்புகிற அன்றே பாருங்கள். பச்சை என்பது வானத்துக்கு மட்டும்தான். தரைக்கு வயல்காரர் சம்மதம் வேண்டும், அடிவாரத்துக் காட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாம் பார்த்த பிறகு நான் இன்னும் பத்து நிமிஷம் சும்மா நிற்பேன், சிங்கன் மாதிரி. கொக்கு இறங்கினால் அந்த வயலில் ஈரம் இருக்கிறது, விழுந்தால் ரிசீவர் நனையும். பருந்து வட்டமிட்டால் அது போகட்டும், தன் எல்லைக்குள் வந்த விமானத்தை அது அடிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பருந்து போகவே இல்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

(அடுத்த வாரம்: வீட்டில் லித்தியம் பேட்டரியை எங்கே வைப்பது?)