பாதி பர்ஸ், ஒரே முழங்கால்: தமிழ் தலைவாஸ் கணக்கும் உங்க போர்ட்ஃபோலியோவும்

கபடி பத்தி ஏன் பேசறீங்கன்னு கேக்கறவங்க ஒரு ரெண்டு பாரா பொறுத்துக்கோங்க.

போன மாசம் நம்ம சேனல்ல "ஒரே ஷேர்ல எல்லாப் பணமும் போடலாமா"ன்னு ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்குக் கீழ ஏரியூர்ல இருந்து ஒரு தம்பி நீளமா ஒரு கமெண்ட் எழுதியிருந்தார். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் தாண்டிப் போனா வர்ற அதே ஏரியூர்தான். ஓசூர்ல வேலை, மாச சம்பளம் 26 ஆயிரம். மூணு வருஷம் வயித்தைக் கட்டி 2 லட்சத்து 40 ஆயிரம் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே கம்பெனி ஷேர்ல போட்டிருக்கார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் கபடி மேட்ச்ல இறங்கியிருக்கார். ரைடு போன இடத்துல முழங்கால் திரும்பி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் செலவைக் கம்பெனியோட குரூப் இன்சூரன்ஸ் பாத்துக்கிச்சு. ஆனா மூணு மாசம் லாஸ் ஆஃப் பே. பைக் இஎம்ஐ, ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்பற பணம் எதுவும் நிக்கல. ஷேர் அந்த நேரத்துல கீழ கிடந்துச்சு. அவருக்குத் தேவைப்பட்டது எழுபதாயிரம் சொச்சம்தான், ஆனா பயத்துல எல்லாத்தையும் வித்துட்டார். கைக்கு வந்தது 1 லட்சத்து 45 ஆயிரம்.

கடைசி வரியில, "அண்ணா, எனக்கு நடந்ததுதான் பவன் செஹ்ராவத்தை வாங்கின தலைவாஸுக்கும் நடந்துச்சு"ன்னு எழுதியிருந்தார். உக்காந்து பழைய சீசன் கணக்கையெல்லாம் எடுத்துப் பாத்தேன். தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

ப்ரோ கபடி லீக் 2014-ல 8 அணிகளோட ஆரம்பிச்சது. பொங்கலுக்குப் பொங்கல் கபடி நடக்கற நம்ம மாநிலத்துக்கு முதல் நாலு சீசன்ல ஒரு அணி கிடையாது. நம்ம ஆளுங்க வெளியூர் அணிகளுக்கு ஆடினாங்க. நாலாவது சீசன்ல பாட்னா பைரேட்ஸ் கோப்பை ஜெயிச்சப்போ கேப்டன் யாரு தெரியுமா? தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். 2017-ல அணிகளை 12 ஆக்கினப்போதான் தமிழ் தலைவாஸ் வந்துச்சு. ஐக்வெஸ்ட் நிறுவனமும் சச்சின் டெண்டுல்கரும் உரிமையாளர்கள் பட்டியல்ல, விளம்பரத் தூதரா கமல்ஹாசன், கேப்டனா இமாச்சலத்துக்காரர் அஜய் தாக்குர். போஸ்டரைப் பாத்தா கோப்பை அப்பவே கைக்கு வந்த மாதிரிதான் இருந்துச்சு.

மேட்ல நடந்தது வேற. 2017-ல தன்னோட பிரிவுல கடைசி இடம். 2018-லயும் கடைசி. அஜய் தாக்குர் ரெண்டு சீசன்லயும் தனியாளா 200 ரைடு புள்ளிக்கு மேல எடுத்தார், அணி மட்டும் எழுந்திருக்கல.

2019-ல நிர்வாகம் என்ன பண்ணுச்சு? இன்னும் பெரிய பேரா வாங்குச்சு. லீக்கோட பெரிய ரைடர்கள்ல ஒருத்தரான ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தாங்க. அஜய் தாக்குர் ஏற்கனவே இருக்கார், டிஃபென்ஸ்ல மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர். டீம் லிஸ்ட்டைப் பாத்து நானே இந்த வருஷம் ஃபைனல் உறுதின்னு நண்பன்கிட்ட பிரியாணி பந்தயம் கட்டினேன். 22 மேட்ச்ல 4 ஜெயம், 15 தோல்வி, 3 டிரா. 12 அணியில 12-வது இடம். பிரியாணி என் காசுல.

போன வருஷ ரிட்டர்ன் பட்டியல்ல முதல்ல இருக்கற நாலு ஃபண்டை வாங்கிப் போட்டா பிரமாதமான போர்ட்ஃபோலியோ கிடைக்கும்னு நினைக்கறவங்க இந்த 2019 சீசனை ஒரு தடவை திரும்பப் பாருங்க. தனித்தனியா எல்லாருமே நல்ல ஆட்டக்காரங்கதான்.

அடுத்து வந்தது, எந்த ஏலத்துலயும் கணக்குப் போட முடியாத ஒண்ணு. 2019 அக்டோபர்ல ஃபைனல் முடிஞ்சுது. கொரோனா வந்து, அடுத்த சீசன் 2021 டிசம்பர்ல, பெங்களூர்ல, பார்வையாளர் இல்லாமதான் ஆரம்பிச்சது. நடுவுல 26 மாசம் லீக்கே கிடையாது. அந்த லாக்டவுன் நேரத்துல அஜய் தாக்குர் என்ன பண்ணிட்டிருந்தார் தெரியுமா? இமாச்சலப் பிரதேசத்துல டிஎஸ்பி யூனிஃபார்ம்ல ரோட்டுல டியூட்டி பாத்துட்டிருந்தார். விளையாட்டால கிடைச்ச போலீஸ் வேலை. பவனுக்கு ரயில்வே. ஏலத்தொகையைப் பத்தி மட்டும் பேசற நமக்கு இந்த இரண்டாவது சம்பளம் கண்ணுக்கே தெரியறதில்லை. ரெண்டு மாச சம்பளம் நின்னா உங்க வீடு எப்படி ஓடும்னு கணக்குப் போட்டுப் பாத்திருக்கீங்களா? இவங்க பாத்தது 26 மாசம்.

சரி, இப்போ 2022-க்கு வருவோம்.

அந்த ஆகஸ்ட்ல மும்பையில ஏலம். ஒரு அணியோட பர்ஸ் 4 கோடியே 40 லட்சம். தலைவாஸ் பவன் செஹ்ராவத்துக்குக் கொடுத்தது 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம். லீக்கோட அதுவரைக்குமான உச்ச விலை. வகுத்துப் பாருங்க, பர்ஸ்ல 51 சதவீதத்துக்கு மேல ஒரே ஆளுக்கு. (2014-ல முதல் ஏலத்தோட உச்ச விலை, பாட்னா ராகேஷ் குமாருக்குக் கொடுத்த 12 லட்சத்து 80 ஆயிரம். எட்டு வருஷத்துல 17 மடங்குக்கு மேல. வருஷத்துக்குச் சுமார் 43 சதவீத வளர்ச்சின்னு கால்குலேட்டர் சொல்லுது. இதைத் தம்ப்னெயில்ல போடாதீங்கன்னு எடிட்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.)

தப்பான ஆளை வாங்கிட்டாங்களான்னா, இல்லவே இல்லை. பெங்களூரு புல்ஸுக்கு ஆடினப்போ பவன் எடுத்த ரைடு புள்ளி 2018-ல 271, 2019-ல 346, 2021-22-ல 304. தொடர்ந்து மூணு சீசன் லீக்லயே முதலிடம். எந்த அனலிஸ்ட்டும் "கண்ணை மூடிட்டு வாங்கலாம்"னு சொல்ற ரெக்கார்டு.

2022 அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். தலைவாஸோட முதல் மேட்ச், எதிரே குஜராத் ஜெயண்ட்ஸ். முதல் பாதி முடியறதுக்குள்ளயே ஒரு டேக்கிள் முயற்சியில பவனோட முழங்கால் போச்சு. ஸ்ட்ரெச்சர்ல வெளிய தூக்கிட்டுப் போனாங்க. அந்த சீசன்ல அவர் திரும்ப மேட்ல கால் வைக்கல. மேட்ச் 31-31 டிரா.

தம்பி கமெண்ட்ல இந்த இடத்தோட நிறுத்திட்டார். கதை இதுக்கப்புறம்தான்.

பவன் இல்லாத அந்த அணிதான் தலைவாஸ் வரலாத்துலயே முதல் தடவையா ப்ளே-ஆஃப் போன அணி. 22 மேட்ச்ல 10 ஜெயம், 8 தோல்வி, 4 டிரா, 66 புள்ளி, அஞ்சாவது இடம். நடுவுல கோச்சே மாறினார், உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். ரைடுல நின்னது நரேந்தர்னு ஒரு புதுப் பையன். புது இளம் வீரர் பிரிவுல வந்தவர், அதுக்கு முன்னாடி லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. முதல் சீசன்லயே 243 ரைடு புள்ளி. கூட அஜிங்க்யா பவார். டிஃபென்ஸ்ல சாகர், சாஹில், நம்ம ஊர் அபிஷேக். இவங்க முந்தின சீசன்ல 11-வது இடத்துக்குப் போன அணியிலயும் இருந்தவங்க. அப்போ யாரும் கண்டுக்கல.

எலிமினேட்டர்ல உ.பி. யோதாஸோட 36-36 டை. டை-பிரேக்கர்ல 6-4 ஜெயம். அரையிறுதியில புனேரி பல்டனோட 39-37, ரெண்டே புள்ளியில தோத்தாங்க. என்னைக் கேட்டா அந்த அணியோட இதுவரைக்குமான பெரிய சாதனை அந்தத் தோல்விதான்.

தலைவாஸும் ஏரியூர் தம்பியும் ஒரே தப்பைத்தான் பண்ணாங்க. ஒருத்தர் மட்டும் எழுந்து நின்னாங்கன்னா அதுக்குக் காரணம், மீதிப் பாதியில மலிவு விலையில 243 புள்ளி உக்காந்திருந்தது. அதுல அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு, மறுக்கல. தம்பிகிட்ட மீதின்னு ஒண்ணே இல்லை. நூத்துக்கு நூறு ஒரே ஷேர்.

பரவலா முதலீடு செய்யற ஒரு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட், ஒரே கம்பெனியோட பங்குல 10 சதவீதத்துக்கு மேல போடக்கூடாதுன்னு செபி விதி இருக்கு. நாள் முழுக்க இதே வேலையா இருக்கற ஃபண்ட் மேனேஜருக்கே 10. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்கு மொபைல்ல சார்ட் பாக்கற நமக்கு 100-ஆ? அதுவும் வேலை பாக்கற கம்பெனியோட ஷேராவே இருந்தா இன்னும் மோசம். கம்பெனி ஆட்டம் கண்டா சம்பளமும் சேமிப்பும் ஒரே நாள்ல அடி வாங்கும்.

ஆனா தம்பியோட நிஜப் பிரச்சினை ஷேர் இறங்கினது இல்லைங்க. இறங்கின நேரத்துல விக்க வேண்டி வந்தது. மாசச் செலவு 18 ஆயிரம்னு சொன்னார். ஆறு மாசத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். அதை எஃப்டியில தனியா வெச்சிருந்தா மூணு மாச லாஸ் ஆஃப் பே வந்தப்போ டிமேட் ஆப்பைத் திறந்தே இருக்க மாட்டார்.

இன்சூரன்ஸ்லயும் ஒரு ஓட்டை இருக்கு. நம்ம பசங்க பலர் "டேர்ம் எடுத்துட்டேன், கம்பெனி மெடிக்கல் இருக்கு, போதும்"னு இருக்காங்க. டேர்ம் பாலிசி செத்தா பணம் தரும். மெடிக்கல் பாலிசி ஆஸ்பத்திரிக்குத் தரும். கால் உடைஞ்சு மூணு மாசம் வீட்டுல கிடந்தா போற சம்பளத்தை யார் தருவா? 21 ஆயிரம் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க இஎஸ்ஐ-ல இருந்தா உடம்பு முடியாத நாளுக்கு ஓரளவு கிடைக்கும். தம்பிக்கு 26 ஆயிரம், அந்த வரம்பைத் தாண்டிட்டார். பேங்க்ல வருஷம் 20 ரூபாய் பிடிக்கற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவை எல்லாரும் எடுத்து வைங்க. விபத்துல இறந்தாலோ நிரந்தரமா முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆனா ஜவ்வு கிழிஞ்சு குணமானதுக்கெல்லாம் அதுல பத்து பைசா வராது. அதுக்குப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி, அதுலயும் தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தர்ற கவர் சேர்ந்ததா பாத்து எடுக்கணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி விளையாட்டுக் காயம் பத்தி விலக்குல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. போட்டி விளையாட்டை விலக்கி வெச்சிருக்கற பாலிசியும் உண்டு. பரிசுத்தொகை வெச்ச ஊர் மேட்ச் அதுல சேருமா சேராதான்னு ஏஜென்ட்கிட்ட மெயில்லயே கேட்டு வாங்கிக்கோங்க. வாய்ச்சொல் கிளெய்ம் நேரத்துல நிக்காது.

"அப்போ ஸ்டாரே வாங்கக் கூடாதா"ன்னு கமெண்ட் வரும், அதனால இதையும் சொல்லிடறேன். 2023-ல பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கினாங்க. காயம் ஆறி, அந்த வருஷம் ஆசிய விளையாட்டுல இந்திய அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன் அவர். ஆனா டைட்டன்ஸ் கடைசி இடம். அதே ஏலத்துல ஈரான்காரர் ஷாட்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்த புனேரி பல்டன் சாம்பியன். அடுத்த வருஷம் அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் சாம்பியன். புனே ஏற்கனவே ஃபைனல் வரைக்கும் போய்ப் பழகின அணி, அதுக்கு மேல அவரைச் சேர்த்தாங்க. தலைவாஸ் அதே 2024 ஏலத்துல சச்சினுக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்து ஒன்பதாவது இடத்துல முடிச்சாங்க. நரேந்தராலயும் அடுத்த சீசன்ல அந்த 243-ஐத் திரும்பத் தொட முடியல.

தம்பிகிட்ட போன வாரம் பேசினேன். இப்போ வேலைக்குத் திரும்பிட்டார். மிச்சமிருந்த பணத்தை எஃப்டி போட்டுட்டு, மாசம் 3 ஆயிரம் இண்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்ஐபி ஆரம்பிச்சிருக்கார். ஆக்சிடென்ட் பாலிசிக்கு ரெண்டு கம்பெனியில கொட்டேஷன் வாங்கி, விலக்குப் பக்கத்தை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பத்தி வர்ற ஞாயித்துக்கிழமை வீடியோவுல வரி வரியா பாப்போம். வர்ற பொங்கலுக்கு ஏரியூர்ல மேட்ச்ல இறங்குவியான்னு கேட்டேன். "இல்லண்ணா, ஸ்கோர் எழுதறேன்னு சொல்லிட்டேன்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கடைசி அஞ்சு நிமிஷம் ஆள் குறைஞ்சா மட்டும்..."னு இழுத்தார்.