வீட்டை விற்கும் முன் கூரையை மாற்றலாமா?

"என்னங்க! மழை பெய்தால் கூடத்தில் நாலு பாத்திரம் வைக்கிறோமே, அதை வாங்க வருகிறவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

"சும்மா இரு. அவர் சித்திரை வெயிலில் வந்து பார்க்கப் போகிறார். பாத்திரம் வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்?"

பழைய ஓட்டு வீட்டை விற்க நினைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு சாதாரணம். மனைவி உண்மையைச் சொல்லிவிடலாம் என்பாள். கணவன் மறைக்கப் பார்ப்பான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரோ, "பேசாமல் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டுவிடு. விலை கூடும்" என்பார். மூவரில் யார் சொல்வது சரி?

வாங்குகிறவர் யார்?

அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். டவுனில், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், வாங்குகிறவர் பெரும்பாலும் மனைக்காகவே வாங்குகிறார். கிரயம் முடிந்ததும் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும்! இடிக்கப்போகிற வீட்டுக்குப் புதுக் கூரை எதற்கு? போட்ட பணம் மண்ணோடு போகும். ஆகவே, "இதில் குடியிருக்கப் போகிறீர்களா, இடித்துக் கட்டப் போகிறீர்களா?" என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

குடியிருக்க வாங்குகிறவர் என்றால் கதை வேறு. அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். பாங்கில் கடன் கேட்டிருந்தால் என்ஜினீயரும் வந்து பார்ப்பார். அப்போது கூரையைக் கவனித்தே தீரவேண்டும். ஆனால் கவனிப்பது வேறு, முழுவதையும் மாற்றுவது வேறு.

ஓடு கெட்டதா, மரம் கெட்டதா?

நம் ஊர்களில் உள்ள பட்டை ஓட்டுக்கு மங்களூர் ஓடு என்று பெயர். 1865-ம் ஆண்டில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரையில் இதற்கு ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். ஆற்றங்கரைக் களிமண் ஓடாகிக் கப்பலேறியது. நன்றாக வெந்த ஓடு ஐம்பது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். தாத்தா போட்ட ஓட்டின் கீழ் பேரன் தூங்கும் வீடுகள் எத்தனையோ உண்டு.

ஆகவே வீடு ஒழுகினால், "ஓடு பழசு" என்று உடனே முடிவு கட்டக்கூடாது. பூனை ஓடியிருக்கும், குரங்கு குதித்திருக்கும், தேங்காய் விழுந்திருக்கும். பத்து ஓடு விலகினாலே கூடம் குளமாகிவிடும். இந்த ஓட்டில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொன்றும் தன் பின்புறக் காதால் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேல் ஓட்டைச் சற்றுத் தூக்கினால், கீழே உடைந்ததை உருவிவிட்டு வேறு ஒன்றைச் செருகிவிடலாம். பழைய ஓட்டை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கீறல்.

மரம் கெட்டிருந்தால்தான் ஆபத்து. ஒரு ஓடு இரண்டு, மூன்று கிலோ எடை இருக்கும். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு. மொத்தம் சுமார் 350 கிலோ! மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். அத்தனையையும் தாங்குவது கைமரமும் ரீப்பரும். கரையான் ஏறியிருக்கிறதா, சுவரில் பதிந்திருக்கும் மர நுனி உளுத்துவிட்டதா என்று ஆசாரியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மரம் போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கூரை முதுகு வளைந்து தொய்ந்திருந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

பர்மாத் தேக்கு ஜாக்கிரதை!

பிரிக்கும்போது ஒரு மோசம் நடப்பதுண்டு. "பழைய மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கூலியில் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்" என்று கண்டிராக்டர் இனிக்க இனிக்கப் பேசுவார். பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு போட்டிருப்பார்கள். அதன் விலைக்குப் புதுக் கூரையின் கூலி எந்த மூலைக்கு? மரம் இன்னதென்று தெரிந்த இரண்டு பேரிடம் விலை கேட்காமல் ஒரு கட்டையைக்கூட வாசற்படி தாண்டவிடாதீர்கள்.

வேறு சிலர், "ஓட்டை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் மலிவு" என்பார்கள். அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் வரும். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஏற்கெனவே அந்த ஷீட் இருக்கிற வீடானால், அதை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி அந்தக் கணவன் சொன்ன விஷயம். மேலே வர்ணம் பூசி, ஒழுகிய கறையை மறைத்து விற்றுவிடலாமா? கூடாது. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இதைப் பேசுகிறது. விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் கண்ணில் படாத குறை என்றால், அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தச் சட்டம் கூறுகிறது. கறை தெரிந்தபடி இருந்தாலாவது, "நீர்தானே பார்த்து வாங்கினீர்" என்று வாதாடலாம். வர்ணம் பூசியவர் அந்த வாதத்தையும் தாமே கெடுத்துக்கொள்கிறார்!

அந்த அம்மாள் சொன்னதே சரி. பெரியவர் சொன்னது பாதி சரி.

வேலை செய்வதானால் சித்திரை, வைகாசியில் செய்வது நல்லது. ஐப்பசி மழையில் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து அழுவானேன்? வேலை முடிந்ததும், மாற்றிய மரம், ஓடு, கூலி எல்லாவற்றுக்கும் ரசீதை எடுத்து வையுங்கள். வாங்க வருகிறவர் கையில் அதைக் கொடுத்தால் பேரம் பாதியாகக் குறையும்.

இன்னொன்று. மிஞ்சிய பழைய ஓடுகளைக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பீர்கள். அதைத் தனியாக விற்றுக் காசு பார்க்க வேண்டாம். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகப் பொருந்தாது. அந்த நாலு வரிசை ஓட்டை வீட்டோடு விட்டுப் போனால், அடுத்த தேங்காய் விழும்போது புது வீட்டுக்காரருக்கு உதவும்.